ஒன்பது நாளாகப் பால்காரர் என்ன செய்தார்?

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது.

தொடர் கொலைகாரர்களைப் பற்றிப் பதினொரு புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். அத்தனையும் உண்மை வழக்குகள் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். ஏழாவது புத்தகத்தில், தனியாக வாழ்ந்து கொலையான ஒரு பெண் வருகிறாள். அவளை எத்தனை நாள் கழித்துக் கண்டெடுத்தார்கள் என்பது எனக்குக் கிடைத்த காகிதங்களில் இல்லை. விழுப்புரத்தில், கரண்ட் போன ஒரு மத்தியானத்தில், ‘ஒன்பது நாள்’ என்று நானே எழுதினேன். எட்டு சப்பென்று இருந்தது. பத்து என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று பட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘திண்டிவனத்தில் கிருஷ்ணவேணி என்றொரு பெண்மணி, மனிதர்களைவிடக் கொலைகாரர்களையே அதிகம்...’

வேண்டாம். இந்தப் போக்கில் போனால் அவரைப் பைத்தியமாக்கிவிடுவேன். உங்களுக்கு அது பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

உள்ளதைச் சொல்கிறேன். கிருஷ்ணவேணி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனி வீடு. அந்த ஏழாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த என் நம்பரைப் பார்த்து, போன வருஷம் ஒரு நாள் கூப்பிட்டார்.

“சார், நூத்திப் பதினாலாம் பக்கம். ஒம்போது நாளா அந்தப் பால்காரன் இன்னா பண்ணிக்கினு இருந்தான்?”

“தெரியலீங்களே.”

“தெரியலன்னா இன்னா சார் அர்த்தம்? தெனம் பால் போடறவன். பாக்கெட்டு சேந்துக்கினே போவுதில்ல? ஒரு தட்டு தட்டமாட்டானா?”

[அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘அந்த நம்பர் நான் போட்டதுங்க’ என்று ஒரே வாக்கியம். எழுத்தாளன் என்கிற வீம்பு விடவில்லை.]

3

அதிலிருந்து தினமும் காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுவார். இந்தப் புத்தகங்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

“கொலகாரன் வர்ற பக்கத்தயெல்லாம் தள்ளிடுவேன் சார். அவன வச்சிக்கினு நான் இன்னா பண்றது? செத்தவளத் தேடறாங்க பாருங்க, அதத்தான் படிப்பேன். கடைசியா இன்னா சாப்ட்டா, எந்த பஸ்ஸுல ஏறுனா, புடவ இன்னா கலரு... நாலு பேரு கேட்டுக்கினே இருக்காங்க. உசிரோட இருக்கறப்ப யாரு சார் கேக்கறாங்க?”

(ரத்தத்துக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று என் பதிப்பாளர் சொல்வார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அன்று என் புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். யாருமே கவனிக்காத ஒரு பெண்ணை, அவள் இறந்த பிறகு இருபது பக்கம் ஊரே விசாரிக்கிறது. ஒற்றை அறையில் தனியாக உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. இது அடிக்குறிப்பில் வரவேண்டிய விஷயம். இங்கே வந்துவிட்டது.)

டீச்சர் தன் பால்காரரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

“பச்சமுத்துகிட்ட சொன்னேன் சார், ரெண்டு பாக்கெட்டு சேந்தா கதவத் தட்டுப்பான்னு. சிரிச்சிக்கினே போறான். எனுக்கு எத்தினி நாள்ல ஆளு வரும்னு கணக்குப் போட்டேன். அந்தப் பொம்பளைக்காச்சும் ஒம்போது. எனுக்கு அதத் தாண்டுது.”

“நான் வர்றேன் டீச்சர்.”

“நீங்களா? விழுப்புரத்துலேர்ந்து ஒரு மணி நேரம். பஸ்ஸும் இருக்குது. பாக்கலாம்.”

4

கடைசியாகப் பேசியது ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் ஆரம்பித்ததுமே, “கொஞ்சம் வேல இருக்குது டீச்சர், நானே கூப்புடறேன்” என்றேன். வேலை ஒன்றும் இல்லை. படுத்திருந்தேன்.

மறுநாள் போன் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் பதினொரு மணிக்குப் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் நானே கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப்.

நல்ல மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் பஸ் ஏறியிருப்பான். நான் நோட்டை எடுத்து இந்தக் கதையின் முதல் வரியை எழுதினேன். ஆறாம் நாளும் ஏழாம் நாளும் திருத்தினேன். எட்டாம் நாள் காலையில் சட்டைகூடப் போட்டுவிட்டேன். அப்போதுதான் தோன்றியது, ஒன்பதாம் நாள் போனால் கதை எவ்வளவு கச்சிதமாக முடியும் என்று.

சட்டையைக் கழற்றிவிட்டேன்.

[மேலே உள்ள வரியை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.]

5

இன்று ஒன்பதாம் நாள். திண்டிவனம் போகும் வழியில், கூட்டேரிப்பட்டில் பஸ் நின்ற நேரத்தில் எழுதிய முடிவுகள்:

அ. டீச்சர் தன் தங்கை மகள் அஸ்வினியின் வீட்டுக்குப் போயிருக்கிறார். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. (அஸ்வினி என்று யாரும் இல்லை. இப்போதுதான் உண்டாக்கினேன்.)

ஆ. கதவைத் திறக்கிறார். “ஒம்போதா சார்? நீங்க பெயிலு” என்கிறார். பிறகு டீ போடுகிறார்.

இ. கதவைத் திறந்ததும் முதலில்...

6

திண்டிவனம். டீச்சர் வீட்டு வாசலில் நிற்கிறேன். கேட்டில் பால் பை தொங்குகிறது. எட்டிப் பார்த்தேன். காலி.

காலையில் அவர் பாலை எடுத்துக்கொண்டிருக்கலாம். இல்லை, பச்சைமுத்து பால் போடுவதை நிறுத்தியிருக்கலாம். எதிர்வீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் கேட்கவில்லை. சுற்றுச்சுவர்மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்வரை பெல்லை அழுத்தவேண்டியதில்லை, பாருங்கள்.

அவர் கதவைத் திறந்தால் சொல்வதற்கு ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். ‘அந்த ஒன்பது நாள் என்பது பொய், டீச்சர். அந்தப் பெண்ணை மறுநாளே யாராவது தேடி வந்திருக்கலாம்.’

நோட்டை மூடப்போகிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கதவு திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம். எனக்காக ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் கதையில் என்னை இரண்டாம் நாளே பஸ் ஏற்றிவிடுங்கள்.