முதல் தட்டு

எல்லாக் கிளைகளுக்கும் ஒரே மாவு, ஒரே அடுப்பு, ஒரே கை. ஆனால் பூஞ்சை பிடிப்பது மட்டும் அக்கா கடை ரொட்டியில். வாங்கிப் போனவர்கள் இரண்டு மூன்று நாளிலேயே திரும்பி வந்து பையைக் கல்லா மேல் வைத்தார்கள். ரொட்டியின் மேல்தோலில் பச்சைப் பொட்டுகள்.

"என்னம்மா இது, ரொட்டியா, பாசி பிடிச்ச படிக்கட்டா?" என்றார் பக்கத்துத் தையல்காரர். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்து வைத்தாள். அதற்குள் இன்னொருத்தி பையோடு வந்து நின்றாள்.

அக்கா அலமாரியை வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள். வினிகர் தொட்டுத் துடைத்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பூஞ்சை அசைந்து கொடுக்கவில்லை.

அதுதான் தாய்க்கடை. கணவன் இறந்த பிறகு அவள் தொடங்கியது. அன்று தம்பி மாவு பிசைந்தான், அவள் விற்றாள். பின்பக்க அறையில் கட்டில் போட்டு அங்கேயே இருந்துவிட்டாள். தம்பிக்கு வியாபார மூளை. கடைத்தெருவில் ஒன்று, பஸ் நிலையத்தில் ஒன்று என்று கிளைகள் பெருகின. தாய்க்கடையை ஒட்டியே பெரிய அடுப்புக்கூடம் கட்டி, அங்கிருந்து எல்லாக் கடைகளுக்கும் வேனில் ரொட்டி அனுப்பினான்.

இப்போது கடைக்கு வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"எல்லாக் கடைக்கும் பேரு ஒண்ணுதான்க்கா. இங்க ஒருத்தன் காறித் துப்பினா அங்க வரைக்கும் தெறிக்கும். இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா இதை மூடிடலாம்."

"மூடிட்டு நான் எங்கடா போறது?"

"நம்ம வீட்டு மாடி ரூம் சும்மாதானே கிடக்கு."

"சும்மா கிடக்குற ரூம்ல நானும் சும்மா கிடக்கவா?"

அவன் போனைப் பார்த்துக்கொண்டே வேனில் ஏறினான்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அக்கா பஸ் நிலையக் கிளைக்குப் போனாள். வேனிலிருந்து கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கமெல்லாம் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் கூடைகள். ரொட்டிகள் பையில்லாமல் இருந்தன. கடைப்பெண் ஒவ்வொன்றாக எடுத்து அங்கேயே பையில் போட்டாள். அக்கா ஒரு ரொட்டியின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

தன் கடை ரொட்டி அப்படி இருந்ததே இல்லை. அவள் கடைக்கும் அடுப்புக்கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர், அதில் ஒரு ஜன்னல். முதல் தட்டு வெளியே வந்ததும் ரொட்டி சுடும் மாஸ்டர் அந்த ரொட்டிகளைச் சுடச்சுடப் பையில் போட்டு ஜன்னல் வழியாக நீட்டுவார். "மூத்தவங்களுக்குத்தான் முதல்ல" என்பார். அது அக்காவுக்கு மரியாதை செய்ய தம்பி போட்ட உத்தரவு.

திரும்பி வந்து அன்றைய பை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். டீ ஆவி பட்ட கண்ணாடி போல உள்ளே மங்கியிருந்தது. விரலால் சுண்டினாள். துளிகள் வழிந்தன.

அடுப்பை விட்டு வந்ததும் ரொட்டி வெந்து முடிந்துவிடுவதில்லை. வெளியே தோல் காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரமும் சூடும் இருக்கும். அந்த ஈரம் ஆவியாகி மெல்ல வெளியேற வேண்டும். பையைக் கட்டிவிட்டால் அது போக வழியில்லை. பிளாஸ்டிக்கில் முட்டி, குளிர்ந்து, தண்ணீராகித் தோலின் மேலேயே இறங்கும். பூஞ்சையின் விதை எந்தக் காற்றிலும் உண்டு, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது காத்திருப்பது ஈரத்துக்குத்தான். மற்றக் கிளைகளின் ரொட்டி வழியெல்லாம் காற்று வாங்கிக்கொண்டு போனது. அவளுடையது சுவரைத் தாண்டியதோடு சரி.

அடுத்த முதல் தட்டில் பாதியை மட்டும் பையிலிருந்து எடுத்து, கம்பித் தட்டில் பரப்பி, நன்றாக ஆறியதும் வேறு பையில் கட்டினாள். மீதியைத் தொடவில்லை. சில நாளில் தொடாதவை பச்சையாகின. ஆறவைத்தவை அப்படியே இருந்தன.

தம்பியைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினாள். அவன் இந்த முறை உட்கார்ந்தான். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ எல்லா ரொட்டியையும் இங்கேயே ஆறவெச்சு, இங்கேயே பையில போட்டா, கிளையில பேக்கிங்குக்கு ஆளே வேண்டாம். இல்லக்கா?"

"அது உன் பாடு. என் கடை தப்பிச்சுதா, அதைச் சொல்லு."

அவன் எழுந்து முன்வாசலைப் பார்த்தான். அதற்கு நேர் எதிரே பின்வாசல். சட்டைக் காலர் படபடத்தது.

"காத்து நல்லா ஓடுது இங்க."

"ஆமாடா," என்றாள் அக்கா பெருமையாக. "அதனாலதான் இங்கேயே ஆறப்போட்டேன்."

அவன் நடையாலேயே அறையை அளந்தான். கல்லாவிலிருந்து கட்டில் வரைக்கும். எதற்கு அளக்கிறான் என்று அக்காவுக்குப் புரிந்தபோது அவன் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தான்.

"எல்லா ரொட்டியையும் ஆறப்போட அடுப்புக்கு ஒட்டி வேற இடமே இல்லக்கா. நீ கண்டுபிடிச்சதாலதானே எல்லாக் கடை பேரும் பிழைக்குது. கோவிச்சுக்காதே."

"கோவம் என்னடா," என்றாள்.

சுவரை உடைத்து ஜன்னலை வாசலாக்கினார்கள். பெயர்ப்பலகை இறங்கியது. அக்காவின் கட்டில் தம்பி வீட்டு மாடி ரூமுக்குப் போனது. கல்லா இருந்த இடத்திலும் கட்டில் இருந்த இடத்திலும் இப்போது கம்பி அடுக்குகள், இரண்டு பக்கமும் மின்விசிறி. அடுப்பிலிருந்து வரும் ரொட்டி முதலில் அந்த அறைக்குத்தான் போகிறது. அடியில் புறங்கை வைத்து, சூடே தெரியவில்லை என்றால் மட்டும் பையில் போடுகிறார்கள். எந்தக் கிளையிலும் பூஞ்சை இல்லை.