குப்புராஜின் லேப்டாப்பில் இல்லாத வானம்

1

நண்டு நெபுலாவின் விலை மூன்று லட்சத்து நாற்பதாயிரம். கேமரா தனி. செம்பாக்கத்தில் ஜல்லி, மணல் வியாபாரம் செய்யும் குப்புராஜ் அதற்கு மேல் ஒரு பைசா தர மாட்டேன் என்று அடித்துப் பேசித் தொலைநோக்கியை வாங்கினார். தூக்கிச் செல்லும் பெட்டியையும் இலவசமாகக் கறந்துகொண்டார்.

இந்தக் கதையும் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. தாம்பரம் ஸ்டேஷனில் கிறிஸ்டினா என்னிடம் பேச வந்தது வேறு ஏதோ. நான் விடாமல் கிளறியதில் ஒரு வரி கூடவே விழுந்தது: "நான் அன்னைக்கு வைஃபைய ஆஃப் பண்ணச் சொல்லியிருக்கணும்." அசல் சரக்கு அவ்வளவுதான். மிச்சம் பிறகு துருவிக் கேட்டதும் என் கலப்படமும்.

2

மழை ஓய்ந்த டிசம்பர் மாலையில், கழுவித் துடைத்த வானத்தின் கீழ் –

(வேண்டாம். எங்கள் பக்கத்து வானத்தை யாரும் கழுவியதாக எனக்கு நினைவில்லை.)

கிறிஸ்டினாவுக்குப் பொறாமை. இது போதும்.

வயது முப்பத்தாறு. ஒன்பது வருஷமாக மென்பொருள் சோதிக்கும் வேலை. ஐந்து வருஷமாக ஒரு பழைய கேமரா, ஒரு சின்ன லென்ஸ், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக் கொசு இவற்றோடு நட்சத்திரங்களைப் படமெடுக்கிறாள். அவள் சேர்ந்திருக்கும் வானியல் குழு வருஷந்தோறும் ஒரு காலண்டர் போடும். இந்த முறை அட்டைப்படம் அவளுடையதுதான் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

அப்போதுதான் குப்புராஜ் குழுவில் சேர்ந்தார். சேர்ந்து நான்கே மாதம். மொட்டை மாடியிலிருந்து நிலாவை ஒரு படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டார். அவள் படங்களுக்கு எட்டு, ஒன்பது கைதட்டல் பொம்மை வரும். அவருக்கு அறுபத்து மூன்று வந்தது. கிறிஸ்டினா எண்ணினாள். தப்பாக எண்ணிவிட்டோமோ என்று இன்னொரு தடவையும் எண்ணினாள்.

இப்போது அமாவாசைக்கு அவர் ஜவ்வாது மலை போகிறார். எப்போதோ வெடித்த நட்சத்திரத்தின் மிச்சப் புகையான அந்த நண்டு நெபுலாவின் படத்தோடு திரும்பினால் அட்டை அவருக்கு. படம் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். அவளுக்கோ அலுவலகத்தில் லீவு கிடையாது.

3

முதல் வரைவில் குப்புராஜைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். அவளை மட்டம் தட்டுவார், மீசையை முறுக்குவார். எழுத எழுத ஆள் நிற்கவில்லை. அவள் வந்தால் பிரியாணி வரவழைப்பார், "நம்ம சிஸ்டர்தான் குரு" என்று ஊரெல்லாம் சொல்வார். பொறாமைக்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துத் தரலாம் என்று பார்த்தேன், மனுஷன் இடம் கொடுக்கவில்லை.

மலையில் அவர் தங்கும் இடத்தில் டவர் இல்லை. இன்டர்நெட் இல்லாமல் வேலை செய்யும் பிளேட் சால்விங் மென்பொருளை லேப்டாப்பில் போட்டுத்தரச் சொல்லி, புதன்கிழமை மாலை அவளை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டிருந்தார்.

"இன்னா சிஸ்டர் பண்ணும் அது?"

"நீங்க ஒரு போட்டோ எடுத்தா, அதுல இருக்கிற ஸ்டார்ஸ நம்ம கிட்ட இருக்கிற மேப் ஃபைலோட ஒத்துப் பாக்கும்ணா. டெலஸ்கோப் எங்க பாக்குதுன்னு கரெக்டா சொல்லிடும். அது தெரிஞ்சாத்தான் நண்டு பக்கம் திருப்ப முடியும்."

"அட, என் பொண்டாட்டி மாதிரி. நான் எங்க பாக்குறேன்னு அவளுக்குப் போட்டோ கூட வாணாம்."

கிறிஸ்டினா சிரித்துவிட்டு, தன் பென்டிரைவிலிருந்த வரைபடக் கோப்புகளை அவர் லேப்டாப்பில் ஏற்றினாள்.*

* அவை அவளுடைய சின்ன லென்ஸுக்கான கோப்புகள், அகலமான வானத்துக்கானவை. அவருடைய பெரிய தொலைநோக்கி பார்ப்பது நகக்கண் அளவு வானம். அதற்கு இன்னும் பொடி நட்சத்திரங்கள் வரை உள்ள கோப்புகள் வேண்டும். இது வெறும் மறதி. இதை மட்டும் பேரம் பேசாமல் நம்புங்கள்.

குப்புராஜ் ஒரு படம் எடுத்தார். மென்பொருள் யோசித்தது. நாற்பது விநாடி கழித்துத் திரையில் பச்சை எழுத்து வந்தது: இடம் கண்டுபிடிக்கப்பட்டது.

"வந்துகிச்சு பாரேன்."

கிறிஸ்டினாவின் கண் திரையின் மூலைக்குப் போனது. கையிலுள்ள கோப்போடு பொருந்தியிருந்தால் ஐந்து விநாடியில் முடிந்திருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் இந்த மென்பொருள் சத்தமில்லாமல் இன்டர்நெட்டில் படத்தை அனுப்பி விடை வாங்கிவிடும். குப்புராஜ் வீட்டு வைஃபை முழு வீச்சில் எரிந்துகொண்டிருந்தது. இன்டர்நெட் இல்லாமல் ஓடுகிறதா என்று சோதிக்க முதலில் இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டும். அவள் தொழிலில் முதல் நாள் பாடம் அது.

அவள் வாயைத் திறந்தாள்.

"மலைல நண்டு மட்டும் சிக்கட்டும் சிஸ்டர், காலண்டர் அட்டை நம்முளுதுதான," என்றார் குப்புராஜ்.

"எல்லாம் ரெடிண்ணா," என்றாள் கிறிஸ்டினா.

4

வெள்ளிக்கிழமை நான்கு மணி வரை, 'ஒருவேளை ஓடலாம்' என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் முடியவில்லை. புதன்கிழமை எடுத்த படத்தை அவர் அன்றே அவளுக்கு அனுப்பியிருந்தார். தன் லேப்டாப்பில் வைஃபையைத் துண்டித்துவிட்டு, அதே கோப்புகளோடு ஒத்துப் பார்த்தாள். சிவப்பு எழுத்து வந்தது. கண்ட நட்சத்திரங்கள் 318. பொருந்தியவை 0.

ஐந்தேகாலுக்குப் போன் வந்தது.

"சிஸ்டர், போளூர்ல டீ சாப்டுகினு கீறோம். இதுக்கு மேல டவர் கெடையாதுன்றான் டிரைவர். லேப்டாப்புல எதுனா பாக்கி கீதா? இருந்தா இப்பவே சொல்லுமா. போன் நெட்ட போட்டு இங்கியே குந்திக்கினு ஏத்திக்கிறேன். அவசரம் ஒண்ணும் இல்ல."

அரை மணி நேர வேலை. எந்தக் கோப்பு என்று அவள் சொன்னால் போதும். அதோடு, புதன்கிழமையே தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

(சொல்லாமல் கோப்பை மட்டும் அனுப்பலாமே என்கிறீர்களா? நானும் கேட்டேன். "அவரு ஏன்னு கேப்பாரு. எனக்குப் பொய் சொல்ல வராது," என்றாள். ரெடிண்ணா என்று சொன்னவள்.)

5

ஜவுளிக்கடையில் மாதிரி விரித்துப் போடுகிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: சொல்லிவிடுகிறாள். குப்புராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சரி, எது ஏத்தணும் சொல்லு," என்கிறார். நண்டு வருகிறது, அட்டை அவருக்குப் போகிறது. கைதட்டல் பொம்மை போட கிறிஸ்டினாவுக்கு இரண்டு நாள் ஆகிறது. அதற்குப் பிறகு பிரியாணி வருவதில்லை.

இரண்டு: "எல்லாம் ஓகேண்ணா." மலையிலிருந்து வெறுங்கையோடு வந்து, "நம்ம கைராசி அவ்ளோதான் சிஸ்டர்," என்கிறார். அட்டை அவளுக்கு. அதை அவர் தன் கடையில் கல்லாவுக்கு மேலே ஆணியடித்து மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். அவள் தினமும் ஸ்கூட்டரில் அந்தக் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும்.

மூன்று: மேகம் வந்து யாரையும் படமெடுக்க விடாமல் – (கிழித்துவிட்டேன். அது சோம்பேறியின் முடிவு.)

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். கேட்டபோது சொன்னாள். நான் விற்கப்போவதில்லை. நீங்கள் எதை எடுப்பீர்கள் என்று பார்க்கத்தான் கடையை இவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்கிறேன்.

ஐந்து மணி பத்தொன்பது நிமிட நிலவரம் இது:

போளூரில் சிக்னல்: மூன்று கோடு.
டீ: குடித்தாகிவிட்டது.
"ஹலோ சிஸ்டர்" என்று அவர் கூப்பிட்டது: இரண்டு முறை.
கிறிஸ்டினா சொன்னது: