மூன்றாவது குடம்

என்னுடைய சீதன அலுமாரியின் கண்ணாடிகளைக் கழற்றிய மனிதரை அன்றைக்கே வீட்டை விட்டுத் துரத்தியிருக்க வேண்டும். துரத்தவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

என் கணவர் தில்லைநாதன் மாத்தறையில் கடை வைத்திருந்தவர். எண்பத்திமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. கட்டிய சாரத்தோடு கப்பலேறி எங்கள் வேலணைத் தீவுக்கு வந்து சேர்ந்தவர், முன்னறைக் கதிரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். எட்டு மாதம் உட்கார்ந்தார். "சாப்பிடுறீங்களோ?" என்றால் "ஓம்." "தேத்தண்ணி?" என்றால் "ஓம்." வாசல் படலைச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து பின்னறைக்குப் போய்விடுவார். வெறுங்கையோடு வந்தவனை ஊர் என்ன சொல்லும் என்று கூச்சம். ஊர் ஒன்றும் சொல்லவில்லை, ஊருக்கு வேறு வேலை இருந்தது. வாய்க்காரி என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவள் நான். எனக்கு வீட்டில் சண்டை பிடிக்க ஆளில்லாமல் போனதுதான் பெரிய கொடுமை.

பங்குனியில் ஒருநாள் குருசுமுத்து வந்தான். அல்லைப்பிட்டியிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்பவன். அன்று மீன்பெட்டியோடு ஒரு வாளியும் தொங்கியது.

"அக்கா, இதைப் பாருங்கோ. முருகைக்கல்லோடை வலையிலை வந்தது. கறிக்கும் உதவாது, எறியவும் மனம் வரேல்லை."

வாளிக்குள் தேங்காயளவு பவளக் கல். அதன்மேல் பூப்போல விரிந்து சுருங்கும் ஒரு பிராணி. பக்கத்தில் விரல் நீளத்தில் செம்மஞ்சள் மீன் ஒன்று, உடம்பில் இரண்டு வெள்ளைப் பட்டை.

"இதை வைச்சு நான் என்ன செய்ய? தாளிக்கிறதோ?" என்றேன்.

"பாருமப்பா, அது அந்தப் பூவுக்குள்ளை போய்ப் படுக்குது."

திரும்பினால் விறாந்தையில் என் மனிதர் நிற்கிறார்! படலைச் சத்தம் கேட்டும் பின்னறைக்குப் போகவில்லை. எட்டு மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் வாளியை உள்ளே எடுத்துவைத்தேன்.

அடுத்த நாள்தான் அலுமாரிக் கதை. நான் கோயிலால் வரும்போது நாலு கண்ணாடியும் நிலத்தில் கிடந்தன. "அட கோதாரி! அம்மா தந்த அலுமாரி!" என்று கத்தினேன். "உடுப்பு காத்தோட்டமாக் கிடக்கட்டும்" என்றார். எதிர்த்துக் கதைத்துவிட்டார் மனிதர்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, குசினிக்குள் போய் இரண்டையும் செய்தேன்.

அந்தக் கண்ணாடிகளால் மீனுக்கு ஒரு பெட்டி கட்டினார்: அடிக்குப் பலகை, நாலு பக்கமும் கண்ணாடி. இடுக்குகளை அடைக்க, வள்ளத்துக்குப் பூசும் குங்கிலியத்தைக் குருசுமுத்து கொண்டுவந்தான். அதை எண்ணெயில் காய்ச்சியதில் என் குசினி ஒரு கிழமை மணத்தது. முதல்முறை கடல்தண்ணீர் நிரப்பியபோது முன்னறை கடலானது. இரண்டாம் முறை பின்னறையும் நனைந்தது. மூன்றாம் முறைதான் பெட்டி தண்ணீரைப் பிடித்தது. கடல்மணல் பரப்பி, குருசுமுத்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த இன்னும் நாலு முருகைக்கற்களை அடுக்கினார். வெறும் கல் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் அதற்குள்ளிருந்து ஒரு குட்டி நண்டோ, கண்ணாடி இறாலோ, மயிர்க் காலுள்ள புழுவோ வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

எங்கள் ஒழுங்கைக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. மீனுக்குக் காற்று வேண்டுமே? பழைய லொறி ரியூப் ஒன்றைச் சைக்கிள் பம்பால் ஊதி, அதிலிருந்து சேலைன் குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, காற்றைக் குமிழ் குமிழாகக் கசிய வைத்தார். பம்ப் அடிப்பது யார்? நான்தான்.

"இன்னும் பத்து அடி அடியுமப்பா."

"உங்கடை மீனார் மூச்சு விட நான் மூச்சு வாங்கிறன்!"

மீனுக்கு மாப்பிளை என்று பெயர் வைத்தது நான். நேரத்துக்குச் சாப்பாடு, மிச்ச நேரம் பூவுக்குள் படுக்கை, வேறென்ன பெயர் வைக்க? என் மனிதர் இறாலை ஊசிமுனையளவு நறுக்கி ஊட்டுவார். மாப்பிளை இன்று இடது பக்கம் திரும்பினான், நண்டு சட்டை கழற்றிவிட்டது என்று பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் "சும்மா இருங்கோவன்" என்பேன். உள்ளுக்குள் அம்மாளாச்சிக்குக் கற்பூரம் நேர்ந்துகொள்வேன்.

வைகாசியில் சோளகம் எழும்பியது. அந்தக் காற்றில் நனைத்துப் போட்ட சேலை ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் காய்ந்துவிடும். பெட்டித் தண்ணீரும் ஒவ்வொரு நாளும் இரண்டு விரல் குறைந்தது. என் மனிதர் கண்ணாடியில் கரிக்கோடு போட்டு, குறைந்த அளவுக்குக் குருசுமுத்து நிரப்பித் தரும் பிளாஸ்ரிக் கானிலிருந்து கடல்தண்ணீரை விடுவார். கடல்மீனுக்குக் கடல்தண்ணீர்தானே? யாரும் யோசிக்கவில்லை. எங்கள் தீவில் நல்ல தண்ணீரைக் குடிப்பதற்குத் தவிர வேறெதற்கும் யோசிக்கவே வராது. அரைமைல் தள்ளியிருக்கும் நன்னீர்க் கிணற்றில், கோடையில் நாளுக்கு வீட்டுக்கு இரண்டு குடம். அதுதான் தண்ணீர் அள்ளும் பெண்கள் தங்களுக்குள் போட்ட கட்டுப்பாடு. விருந்தாள் வந்தால் மட்டும் மூன்றாவது குடம்.

மூன்றாம் கிழமை பூ சுருங்கியது. நண்டு செத்தது. மாப்பிளை மூலையில் சரிந்து கிடந்து இரைக்கத் தொடங்கினான். என் மனிதர் "தண்ணி பழுதாப் போச்சு" என்று இன்னும் கடல்தண்ணீர் விட்டார். அன்று பின்னேரம் கதிரையை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"நான் தொட்டது ஒண்டும் நிக்காது, பாமா" என்றார்.

அந்த மீன் செத்தால் செத்துப்போகட்டும், கடலில் ஆயிரம் கிடக்கிறது. இந்த மனிதர் மறுபடி சுவருக்குள் போனால் நான் எங்கே போய்த் தேடுவது?

அடுத்த நாள் மத்தியானம் அவர் ஒரு வாய் சோற்றை வைத்துவிட்டு முகம் சுளித்தார். "குழம்பு உப்புக் கரிக்குது."

"அடுப்பிலை விட்டிட்டு மறந்துபோனன், வத்திப்போச்சு. கொஞ்சம் தண்ணி விட்டால்..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றேன்.

ஓடிப்போய்ப் பெட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். பிறகு கானுக்குள் விட்டு வைத்தேன். இரண்டும் ஒன்றல்ல! பெட்டித் தண்ணீர் நாக்கை அரித்தது. எங்கள் வீட்டு வளவுக் கிணற்றுத் தண்ணீரையே மாரியில் குடிக்கலாம், கோடையில் வற்ற வற்ற உப்பேறி மாடும் வாய் வைக்காது. இதெல்லாம் தெரிந்தும் மூன்று கிழமை மடைச்சி மாதிரி பம்ப் அடித்திருக்கிறேன்.

பெட்டியில் ஒரு செம்பு அள்ளி வெளியே ஊற்றினேன். குடத்திலிருந்து ஒரு செம்பு நல்ல தண்ணீரை மெதுவாக உள்ளே விட்டேன்.

"உமக்கென்ன விசரே? கடல்மீனுக்கு நல்லதண்ணியோ! கொல்லப் போறீரோ?" என்று கத்திக்கொண்டு எச்சிற்கையோடு வந்தார்.

"ஆவியாப் போறது தண்ணிதான், உப்பு இல்லை! நீங்கள் உப்புக்கு மேலை உப்பு விட்டிருக்கிறியள்! நாக்கிலை வைச்சுப் பாருங்கோ!"

வைத்துப் பார்த்தார். கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைச் சுரண்டிப் பார்த்தார். செம்பை என் கையிலிருந்து வாங்கினார். ஒரேயடியாக விட்டால் தாங்காது என்று, நேரம் விட்டு நேரம் ஒவ்வொரு செம்பாக மாற்றினோம். மீன் செத்தால் பழி என் தலையில்.

வீட்டில் குடிக்கத் தண்ணீர் போதவில்லை. அடுத்த நாள் கிணற்றடியில் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் மீனலோசனி அக்காவிடம் சொன்னேன்: "விருந்தாள் வந்திருக்கினம்." மூன்றாவது குடம் கிடைத்தது. அதற்கடுத்த நாளும் அதே பொய். மூன்றாம் நாள் காலை பூ விரிந்திருந்தது. மாப்பிளை அதற்குள்ளிருந்து தலையை நீட்டி எங்களைப் பார்த்தான்.

அன்று பத்து மணிக்குப் படலை திறந்தது. என் மனிதர் பின்னறைக்குள் மறைந்தார். வந்தது மீனலோசனி அக்கா.

"எங்கை சத்தியபாமா, உம்மடை விருந்தாள்? மூண்டு நாளா ஒரு சனமும் காணேல்லையாம். கிணறு வத்துது. ஊர்ச்சனத்தை ஏமாத்தித் தண்ணி அள்ளுறது சரியோ?"

ஊருக்கெல்லாம் வாய் காட்டும் நான் அப்போது வெறும் குடத்தைத் தூக்கி இடம் மாற்றி வைத்தேன். வெட்கத்தில் முகம் எரிந்தது.

"அவவைப் பேசாதேங்கோ, அக்கா."

பின்னறை வாசலில் அவர் நின்றார். சவரம் செய்யாத முகம், கசங்கிய சாரம். மீனலோசனி அக்கா அவரைக் கண்டு ஒன்பது, பத்து மாதம் இருக்கும்.

"எனக்காகத்தான் பொய் சொன்னவ. பிழை என்ரை" என்றார். திரும்ப உள்ளே போகவில்லை. "விருந்தாள் இஞ்சை இருக்கிறார், வந்து பாருங்கோ."

மீனலோசனி அக்கா குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மாப்பிளை பூவுக்குள் போய்ப் புரண்டு வெளியே வந்து காட்டினான்.

"வடிவான சாமான்தான்" என்றார் கடைசியில். "எண்டாலும் உம்மடை மீனுக்கு எங்கடை பொம்பிளையள் ஏன் தண்ணி குறைக்க வேணும்? வேணுமெண்டால் நீர் விடிய வந்து, கிணறு ஊறின தண்ணியை நீரே அள்ளும், தில்லைநாதன். வரிசையிலை நிண்டு."

போய்விட்டார். பெண்கள் நிற்கும் வரிசையில் இவரா? நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

விடிய எழும்பினால் கதிரை வெறுமையாக இருந்தது. குடங்களும் இல்லை. படலைக்கு ஓடினேன். ஒழுங்கை முனையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார், பின் கரியரில் இரண்டு குடம், கைபிடியில் ஒன்று. சாரம் முழுக்க நனைந்திருந்தது.

"உந்தச் சனத்துக்கு ஒரு ஒழுங்கு இல்லை!" என்று தூரத்திலேயே தொடங்கினார். "ஒருத்தி வரிசையை விட்டு முன்னாலை போறாள். இன்னொருத்தி 'எப்ப வந்தனீங்கள் அண்ணை?' எண்டு கேக்கிறாள், நான் வந்து எத்தினை மாதம்! கயிறு வேறை அறுந்து கிடக்கு, நாளைக்கு நான்தான் மாத்த வேணும். மீனலோசனி அக்கா பின்னேரம் பேரப்பிள்ளையளோடை மாப்பிளையைப் பாக்க வாறாவாம். கதிரையளை எடுத்து வெளியிலை போடும். என்னப்பா, ஏன் அழுறீர்?"

"ஒண்டுமில்லை," என்றேன். "நீங்கள் பேசுங்கோ."