இடப்பக்கம் பார்க்கும் மான்

நேர்மையான மனிதன் சுட்ட மான் நேராகத்தான் பார்க்கும். இது என் மாமா ஆர்லின் ஹவ்ஸ்டாட் கண்டுபிடித்த இயற்கை விதி. புவியீர்ப்பைக் கண்டுபிடிக்க ஒரு ஆப்பிள் தேவைப்பட்டது. மாமாவுக்கு இரண்டு பிராந்தி போதுமானதாக இருந்தது.

விதியை அவர் விளக்கிய இடம் எங்கள் ஊர் மதுக்கடை. வடக்கு விஸ்கான்சினில் கொம்பு மான் ஒன்றைச் சுட்டால் இறைச்சி உறைபெட்டிக்குப் போகும், தலை பாடம் செய்யப்பட்டுச் சுவருக்குப் போகும். அந்தக் கடையில் அப்படி ஏழு தலைகள். நான்கு நேராகப் பார்க்கும், மூன்று திரும்பிப் பார்க்கும். ஹார்லன் பேட்கே சுட்ட மான் வலப்பக்கம் திரும்பி, ஒன்பது வருடமாக ஆண்கள் கழிப்பறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"ஹார்லன், உன் மான் யாருக்குடா காவல் இருக்கு?" என்பார் மாமா.

"வெளிச்சம் அந்தப் பக்கம் நல்லா விழுதுன்னு வெச்சது, ஆர்லின்."

"வெளிச்சமா! திரும்பிப் பாக்குதுன்னா அந்தக் கழுத்துக்குப் பின்னாடி எதையோ ஒளிச்சு வெச்சிருக்குன்னு அர்த்தம். கன்னாபின்னான்னு சுட்ட ஓட்டை, ரோட்டுல இழுத்துட்டு வந்த சிராய்ப்பு, ஏதோ ஒண்ணு. என் மான் எல்லாம் நேரா பாக்கும். ஏன்? மறைக்க ஒண்ணும் இல்ல."

ஹார்லன் பதில் சொல்லமாட்டார். பதில் சொன்னால் மாமா அடுத்ததாகச் சட்டைக்கு வந்துவிடுவார்.

சட்டை விவகாரம் இதுதான். வேட்டை சீசனில் நாங்கள் தங்கும் மரக்குடிலில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மானைக் குறிவைத்துச் சுட்டுத் தவறவிட்டால், போட்டிருக்கும் சட்டையின் பின்பக்கக் கீழ்த்துண்டை வெட்டி, பெயரும் வருடமும் எழுதி, சுவரில் ஆணியடித்து விடுவார்கள். சுவரில் இருபத்திரண்டு துண்டுகள். ஹார்லனுடையவை ஒன்பது. என்னுடையவை மூன்று, அதில் ஒன்று என் கல்லூரி அறைநண்பனின் சட்டை, அவனுக்கு இன்னும் தெரியாது. மாமாவுடையது ஒன்றுகூட இல்லை. அந்தச் சுவருக்கு அவர் வைத்திருந்த பெயர், கையாலாகாதவர்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல்.

போன வருடம் சீசனின் முதல் நாள் காலை, தேவதாரு மரங்கள் நிற்கும் சதுப்புக்குள் கொம்பில் பத்து முனைகள் உள்ள ஆண்மான் ஒன்று வடக்கிலிருந்து தெற்கே நடந்து வந்தது. சதுப்பின் கிழக்கே மர மேடையில் மாமா. மேற்கே இன்னொரு மேடையில் என் அம்மா சார்லீன், மாமாவின் தங்கை. இரண்டு துப்பாக்கியும் ஒரே நொடியில் வெடித்தன. எனக்குக் கேட்டது ஒரே சத்தம். மான் அங்கேயே விழுந்தது. கழுத்தில் ஒரே குண்டு.

மாமா பக்கம் பாதை உண்டு. அம்மா பக்கம் இடுப்பளவு சேறு. அம்மா சுற்றி வந்து சேர்வதற்குள் மாமா கொம்பைப் பிடித்தபடி பதினோரு படம் எடுத்து முடித்திருந்தார்.

"நானும் சுட்டேன் அண்ணே," என்றாள் அம்மா.

"கேட்டுச்சு. நல்ல சத்தம்."

"குறி கழுத்துலயே இருந்துச்சு."

"தவறவிட்ட எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்மா. டேய் மருமவனே, கத்திரிக்கோல எடுத்துட்டு வா."

அம்மா இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டாள். பத்தொன்பது சீசன் வேட்டைக்கு வந்தும் அவள் பெயரில் சுவரில் ஒரு தலை கிடையாது. அதைப் பற்றியும் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். அன்று அவள் போட்டிருந்தது சிவப்புக்கறுப்புக் கட்டம்போட்ட புதுக் கம்பளிச் சட்டை. கல்லூரி உணவகத்தில் தட்டுக் கழுவி நான் வாங்கிக் கொடுத்தது.

"பையன் வாங்கிக் குடுத்தது அண்ணே," என்றாள்.

"சட்டம் சட்டம்தான்," என்று சொல்லி மாமா தாராளமாகவே வெட்டினார். அம்மா அந்த வெட்டுப்பட்ட சட்டையைக் குளிர்காலம் முழுக்கப் போட்டுக்கொண்டு, முதுகில் காற்று ஏற ஏற, மாமா வீட்டு வழியாகவே பேருந்தை ஓட்டினாள்.

அடுத்த வாரம் மாமாவும் நானும் தலையைக் கழுத்தோடு எடுத்துக்கொண்டு டெல்மர் வோய்சிக்கிடம் போனோம். டெல்மர் முப்பது வருடமாகத் தலைகளைப் பாடம் செய்கிறவர். அவருடைய கொட்டகையில் நுரையில் செய்த மான் கழுத்துகள் வரிசையாகத் தொங்கும், தோல் போர்த்தக் காத்திருக்கும். மேசையில் ஒரு தட்டு நிறையக் கண்ணாடிக் கண்கள். உள்ளே நுழைந்தவுடன் ஐம்பது பேர் நம்மை எடைபோடுவது போல இருக்கும்.

"எப்படி நிக்கணும்?" என்று கேட்டார் டெல்மர். "தலைய நிமித்தியா, பதுங்கறாப்பல தாழ்த்தியா? காது முன்னாலயா, பின்னாலயா? நேராவா, இடமா, வலமா?"

"என்னைப் பாத்து இந்தக் கேள்வி கேக்கலாமா டெல்மர்? நேரா! அறைக்குள்ள வர்றவன் கண்ணுக்குள்ள பாக்கணும். வர்றவன் தொப்பிய கழட்டணும்."

டெல்மர் விரலால் கழுத்து முடியைக் கோதிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபக்கம் புரட்டினார். அங்கேயும் நின்றது.

"மான் எங்க பாத்து போயிட்டிருந்துச்சு?"

"தெக்கே."

"நீ எங்க இருந்த?"

"கிழக்கே. ஏன்?"

டெல்மர் காதிடுக்கிலிருந்த பென்சிலை எடுத்து வலப்பக்கக் கழுத்தில் வைத்தார். பட்டாணி அளவு ஓட்டை, சுற்றிலும் முடி உள்நோக்கிச் சுருண்டிருந்தது. இடப்பக்கம் என் முஷ்டி நுழைகிற கிழிசல்.

"குண்டு உள்ள போறப்ப முடிய உள்ள தள்ளும். வெளிய வர்றப்ப எல்லாத்தையும் பிச்சுட்டு வரும். இது வலப்பக்கமா போயி இடப்பக்கமா வந்திருக்கு. தெக்கே போற மானுக்கு வலப்பக்கம் மேக்கு."

மாமா ஓட்டையையும் கிழிசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மரத்துல பட்டுத் திரும்பியிருக்கும்," என்றார் மாமா.

"மரத்துல பட்டு, மானைச் சுத்திட்டுப் போயி, அந்தப் பக்கமா நுழைஞ்சிருக்குங்கற."

"நடக்கும்."

"அது குண்டு ஆர்லின். ஸ்கூல் பஸ் இல்ல."

பேருந்து என்றதும் மாமாவின் காது சிவந்தது. டெல்மர் அம்மாவை மனதில் வைத்துத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருடைய முகம் அவர் செய்யும் முகங்களைப் போலவே இருக்கும்.

"மேக்கே யாரு இருந்தா?" என்று கேட்டார்.

மாமா கூரையைப் பார்த்தார். நான் கண்ணாடிக் கண்களை எண்ணினேன்.

"சரி," என்றார் டெல்மர், "நேரா வெச்சா இந்தக் கிழிசல் தெரியும். ஓட்டையத் தைக்கலாம், போன முடிய முளைக்க வைக்க முடியாது. வெறும் மண்டை ஓடா வெச்சுக்கறியா? தோலே இல்லாம, கொம்பு மட்டும். எந்தத் தகராறும் இல்ல."

மாமா உண்மையாகவே யோசித்தார். பிறகு வேண்டாமென்று தலையை ஆட்டினார். "சார்லீன் 'தோலு எங்க அண்ணே'ன்னு கேப்பா. ஒரே தடவைதான் கேப்பா. அதான் பயமா இருக்கு."

"அப்ப இடப்பக்கம் திருப்பிடறேன். கிழிசல் மடிப்புக்குள்ள போயிடும்."

திருப்புவது என்ற சொல்லைக் கேட்டு மாமா தன்னுடைய வாழ்நாள் கொள்கையோடு போராடினார். அந்தப் போராட்டம் ஏறக்குறைய நாலு நொடி நீடித்தது.

"ரொம்பத் திருப்ப வேணாம்," என்றார். "லேசா. யாரோ கூப்பிட்டாப்பல."

"எவ்வளவு திருப்பணுமோ அவ்வளவு திருப்பறேன்."

"டெல்மர்... இதப் பத்தி..."

"நான் தோலுக்குத்தான் பொறுப்பு. கதைக்கு நீ."

வண்டியில் திரும்பி வரும்போது மாமா ஒன்பது மைல் வானொலியைத் திருகிக்கொண்டே வந்தார். பத்தாவது மைலில், "மருமவனே, குடில்ல அடுப்புப் பக்கத்துக் கீழ்ப்படுக்கை இருக்கே, அது இனிமே உனக்கு," என்றார்.

எனக்கும் கொள்கைகள் உண்டு. கல்லூரி இதழில் அவற்றை மாதம் ஒரு கட்டுரையாக எழுதுகிறேன். ஆனால் குடிலின் மேல்படுக்கை கூரைக்கு ஒன்றரை அடி கீழே இருக்கிறது. அங்கே காலையில் மீசையில் பனி பிடிக்கும். அந்த உயரத்தில் கொள்கை உறைந்துவிடும். சரி மாமா என்றேன்.

தலை தயாராகப் பதினோரு மாதம் ஆனது. இந்த வருடம் சீசனுக்கு முந்தின நாள் மத்தியானம், நாங்கள் எல்லோரும் குடிலுக்கு வந்து சேர்ந்தபோது, மான் ஏற்கனவே சுவரில் இருந்தது. மாமா விடியற்காலையே வந்து மாட்டிவிட்டார். நடுச்சுவரில் அல்ல. மூலையில், இடக்கழுத்து சுவரோடு ஒட்டுகிற மாதிரி. அருமையான வேலை. மூக்கு ஈரமாக இருப்பது போலவே இருந்தது. மான் முழுக்கவனத்தோடு அடுப்பின் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹார்லன் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒன்பது வருடம் கழிப்பறைக் கதவைப் பார்த்த மானின் சொந்தக்காரர் அவர்.

"ஆர்லின்," என்றார் மெதுவாக, ருசித்துக்கொண்டு, "உன் மானு என்ன பாக்குது?"

"இப்ப இதான் ஸ்டைல்."

"வெளிச்சமா?"

"வெளிச்சமும்தான்."

அம்மா மான்கறிக் குழம்புப் பானையை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அதே சட்டை. முதுகில் கோணலாக வெட்டுப்பட்ட ஓரம்.

"திரும்பிப் பாக்குதுன்னா எதையோ ஒளிச்சு வெச்சிருக்குன்னு யாரோ சொல்லுவாங்களே," என்றாள். "யாரு ஹார்லன் அது?"

"எனக்கு ஞாபகம் இல்ல சார்லீன்," என்றார் ஹார்லன். "வாரத்துக்கு ரெண்டு தடவதான் கேட்டிருக்கேன்."

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மானின் இடத்தாடைக்குப் பின்னால் கையை விட்டாள். பேருந்து இருக்கைக்கு அடியில் பையன்கள் ஒட்டிய சூயிங்கத்தைத் தேடுகிற பழக்கப்பட்ட கை அது. அவசரப்படாமல் போனது. நின்றது. நீளமான தையல். பிறகு வலப்பக்கம் தடவினாள். பட்டாணி அளவு தையல்.

கொஞ்ச நேரம் அப்படியே மானின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை.

"நான் மேக்கே இருந்தேன்," என்றாள். ஒரே தடவை.

பிறகு இறங்கி என்னைப் பார்த்தாள். நான் என் புதுப் படுக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"நீ எப்பலேருந்துடா கீழ்ப்படுக்கை?"

நான் மேல்படுக்கைக்கு ஏறினேன். ஏணியைப் பயன்படுத்தக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா சுவரிலிருந்து தன் சட்டைத்துண்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஆணியை அங்கேயே விட்டாள். இழுப்பறையைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்து மேசையில் மாமா முன்னால் வைத்தாள். அப்புறம் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

மாமா வாயைத் திறந்தார். மரத்தில் பட்டுத் திரும்பிய குண்டு அங்கே வரை வந்ததை என்னால் பார்க்க முடிந்தது. ஆனால் வெளியே வரவில்லை. வாயை மூடிக்கொண்டார். ஹார்லன், தானாகவே, பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்.

மாமா எழுந்து சட்டையைக் கால்சட்டைக்குள்ளிருந்து உருவினார். தன் சட்டையின் பின்பக்கத்தைத் தானே வெட்டுவது சுலபமான வேலை இல்லை. உடம்பு நேராக நிற்க, தலையை மட்டும் இடப்பக்கம் நன்றாகத் திருப்பி, தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டுதான் வெட்ட முடியும். மாமா அப்படியே நின்று வெட்டினார்.