சீப்போடு வந்த முடி

அக்கா ஐம்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டபோது தெருவே சிரித்தது; அவளும் சேர்ந்து சிரித்தாள். தையல் மெஷினே கதி என்று கிடந்தவளுக்கு ஒருவர் தினமும் காலையில் படுக்கைக்கே பால் கொண்டுவந்து கொடுத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர். இரண்டாம் மாதமே அவள் பேரில் பெரிய தொகைக்கு இன்சூரன்ஸ் எடுத்தார்.

"என்மேல எவ்வளவு அக்கறை பாரு" என்று தங்கையிடம் பெருமை அடித்துக்கொண்டாள்.

ஆறாம் மாதம் வயிறு புரட்டியது. பாதங்கள் நெருப்பாய் எரிந்தன. வயசுக் கோளாறு என்றார் பக்கத்துத் தெரு டாக்டர்.

தங்கை பியூட்டி பார்லர் நடத்துபவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத் தலைவாரிவிட உட்கார்ந்தாள். சீப்பை வைத்ததும் கொத்தாக முடி சீப்போடு வந்தது. இருபது வருஷமாகத் தலைகளையே பார்த்தவள். கவலையில் கொட்டுவதும் வயதில் கொட்டுவதும் அவளுக்குத் தெரியும். இது அந்த ரகம் இல்லை.

"மாமா, அக்காவை ஒரு வாரம் நான் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கும்மா? என் கையால பால் குடிக்கலேன்னா அவளுக்குப் பொழுதே விடியாது."

தங்கைக்குப் பொறி தட்டியது. அப்போதே அக்காவை டாக்ஸியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். முடியைக் காகிதத்தில் மடித்து டாக்டரின் மேஜைமேல் வைத்தாள். சோதனையில் தாலியம் தெரிந்தது; முடியைக் கொட்டவைக்கும் எலி விஷம்.

போலீஸ் தோண்டியது. அவர் இழந்தது ஒரு மனைவியை அல்ல, இருவரை. வேறு வேறு ஊர், அதே வயிற்றுவலி, இரண்டு முறையும் இன்சூரன்ஸ் பணம். வழக்கு இரண்டு வருஷம் நடந்து, அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அக்கா தனக்காக அழவில்லை. "அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு தங்கச்சி இல்லாம போச்சேடி" என்றுதான் அழுதாள்.

மறுநாள் காலை பார்லர் வாசலில் வந்து நின்றாள். தோள்வரை புதிதாய் வளர்ந்த முடி, முகமெல்லாம் சிரிப்பு.

"உன் ஸ்கூட்டர் சாவியைக் குடு. கத்துக்கப் போறேன்."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுல கல்யாணமே பண்ணிட்டேன். இது அதைவிட ஆபத்தா என்ன?"

மைதானத்தில் தங்கை பின்னால் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வண்டி பாம்புபோல நெளிந்தது.

"பிரேக் எதுடி?"

"கிளம்புறதுக்கு முன்னாடி கேக்கக் கூடாதா?"

இருவரும் புல்லில் சரிந்து, எழ முடியாமல் சிரித்தார்கள். பிறகு அக்கா வண்டியை நிமிர்த்தி ஏறிக்கொண்டாள்.

"நீ இங்கேயே இரு. நான் தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

போனாள். ஒன்றல்ல, ஏழு சுற்று.