மகாராணியும் என் தும்மலும்

ஒரே ஒரு தும்மலில் ஒரு குதிரையின் கழுத்தைக் காப்பாற்றியவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். அந்தத் தும்மலில் லாயத்தின் கூரை ஒரு முழம் எழும்பி உட்கார்ந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகாராணி என்ற அந்த இளங்குதிரையை நான்தான் பழக்கியிருக்க வேண்டும். லாயத்தில் குதிரை பழக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதும் முதலாளியம்மா அவளை என் மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டார். அவன் விசிலடித்தால் ஓடி வருவாள். அவன் தோளில் தாடையை வைத்துக்கொள்வாள். எனக்கு எரிந்த வயிற்றில் ஊருக்கே சமைத்திருக்கலாம். சும்மா காற்று வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு தினமும் போய், அவன் எங்கே சறுக்குவான் என்று பார்த்திருந்தேன்.

சறுக்கினான்.

இளங்குதிரையைப் பழக்க ஓர் இறுக்குக் கயிறு உண்டு. தலையில் மாட்டுவது. குதிரை முரண்டினால் இறுகும். இணங்கி ஓரடி வைத்தால் உடனே தளர்த்த வேண்டும். அதனால் அதை எப்போதும் கையில்தான் பிடிக்க வேண்டும். தூணுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியுமா? போன் வந்ததென்று மச்சினன் அந்தக் கயிற்றோடே அவளைத் தூணில் கட்டிவிட்டு வாசலுக்குப் போனான்.

எங்கோ தகர வாளி உருண்டது. மகாராணி மிரண்டு பின்னால் இழுத்தாள். கயிறு இறுகியது, இறுக இறுக இன்னும் இழுத்தாள். முடிச்சு கல்லாகிவிட்டது. நான் அவளுக்குப் பின்னால், உதை எட்டாத தூரத்தில், வைக்கோல் தூசிக்குள் நின்றிருந்தேன். வந்தது பாருங்கள் தும்மல்! அவள் திடுக்கிட்டு முன்னால் பாய்ந்தாள். கயிறு தளர்ந்தது. ஓடிப்போய் முடிச்சை உருவிவிட்டேன்.

மறுநாள், மகாராணியை இறுக்குக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்ற முதலாளியம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அத்தான் தும்மினா கொசுகூட நகராதும்மா," என்றான் மச்சினன். "நான் கட்டவே இல்ல."

"பொறாமைல என்ன வேணா பேசுவீங்களா?" என்றார் முதலாளியம்மா என்னிடம். "வீட்ல ரெஸ்ட் எடுங்க. இனிமே இந்தப் பக்கம் வர வேணாம்."

லாயம் இல்லாமல் நான் எங்கே போவேன்?

சொல்லிவிட்டு வண்டிச் சாவியைத் தேடப் போகத் திரும்பியவர், கையிலிருந்த மகாராணியின் இறுக்குக் கயிற்றைத் தூணில் ஒரு சுற்று சுற்றினார்.

"கட்டாதீங்கம்மா!" மச்சினன் பாய்ந்து பிடுங்கினான்.

"ஏன்டா, என்ன ஆச்சு?"

அவன் மகாராணியின் கன்னத்தில் இருந்த கயிற்றுத் தடத்தைத் தடவினான். என்னைப் பார்க்கவில்லை.

"நேத்து நான்தான் கட்டிட்டுப் போனேன். அத்தான் தும்மினது நெஜம்தாம்மா. வாசல்லேர்ந்து பார்த்தேன்."