முந்திக்கொண்ட கோல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவருக்குப் பிழைப்பு. சாயங்காலங்களில் ஊர்க் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுப்பார். அதனால் இரண்டு இடத்திலும் அவர் மாஸ்டர்தான். கோப்பைப் போட்டிக்கான குலுக்கலில் நாட்டிலேயே பெரிய அணியோடு மோத வேண்டும் என்று வந்தபோது ஊரே துள்ளிக் குதித்தது. மாஸ்டர் மட்டும் எத்தனை கோல் வாங்குவோம் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.

ஆட்டத்தன்று உடை மாற்றும் அறையில் அவர் சுற்றி வளைக்கவில்லை.

"இங்க பாருங்கப்பா. நாம ஜெயிக்கப் போறதில்ல. அஞ்சு கோலுக்கு மேல வாங்காம வந்தா அதுவே பெரிய விஷயம். எல்லாரும் பின்னாலயே நில்லுங்க. ஆசைப்பட்டு யாரும் முன்னால ஓடிடாதீங்க."

கோல்கீப்பர் தலையாட்டினான். அவன் மாஸ்டரின் தங்கை புருஷன், பேக்கரியில் வேலை. "மச்சான் சொல்றது சரிதான். அவங்க அடிக்கிற பந்து என் கண்ணுல பட்டாலே பெரிசு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே அது நடந்துவிட்டது. அணியிலிருந்த எலக்ட்ரீஷியன், பந்து தூரமாய்ப் போய்த் தொலைந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதை விட்டான். அது எதிரணி கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய் வலைக்குள் விழுந்தது.

ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். வெளியே இருந்த ஆட்டக்காரர்கள் மாஸ்டரைத் தூக்கிச் சுற்றினார்கள். கால் தரையில் பட்டதும் அவர் மைதானத்தைப் பார்த்தார். பின்னால் நிற்க வேண்டியவர்கள் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் நின்றிருந்தார்கள்.

"பின்னால வாங்கடா! டேய், பின்னால!"

அந்த இரைச்சலில் யார் காதிலும் அது விழவில்லை. பயிற்சிக் காரில் அவர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மிதித்துவிடுவார். இங்கே கோட்டுக்கு வெளியே நின்று கையைக் காலை ஆட்டுவதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இடைவேளைக்குள் மூன்று வாங்கியிருந்தார்கள்.

"இப்பவாவது கேளுங்கப்பா" என்று கெஞ்சினார்.

"இன்னும் ரெண்டுதான் மாஸ்டர். போட்டுட்டா சமம்" என்றான் எலக்ட்ரீஷியன். மற்றவர்களும் அவன் பக்கமே. அந்த முகங்களைப் பார்த்தபின் அவர் தண்ணீர் பாட்டில்களை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்.

மறுபடி ஓடினார்கள். மூச்சு வாங்க, கால் பிசக ஓடினார்கள். பெரிய அணிக்காரர்கள் அவ்வளவாக வியர்க்கக்கூட இல்லை. விசில் ஊதியபோது ஒன்பதுக்கு ஒன்று.

கோல்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "மொத கோலுக்கு உங்க தங்கச்சி மெசேஜ் போட்டிருக்கா, மச்சான். அப்புறம் ஒண்ணையும் காணோம்."

"விடு, மாப்ள. அவ என்னன்னு போடுவா?"

எலக்ட்ரீஷியன் துண்டால் முகத்தை மூடியிருந்தான். உள்ளிருந்தே கேட்டான்: "நான் அத அடிச்சிருக்கவே கூடாதோ, மாஸ்டர்?"

"நல்ல கோல்டா அது" என்றார் அவர். பஸ் கிளம்பப் போவதாக வெளியே யாரோ குரல் கொடுத்தார்கள். தரையில் கிடந்த ஈரச் சட்டைகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.